மீதி இரண்டு லிட்டர்

— நாலு லிட்டர்தாங்க வந்திருக்கு. மூணு தடவை அளந்துட்டேன்.

— குவளையைக் கண் மட்டத்துக்குத் தூக்கி வச்சுப் பாத்தியா?

— முப்பது வருஷமா வார்டுல ஒவ்வொரு பேஷண்ட்டுக்கும் உள்ள எவ்வளவு போச்சு, வெளிய எவ்வளவு வந்துச்சுன்னு மில்லி கணக்குல எழுதறவ நான். எனக்குக் கண் மட்டம் சொல்லிக் குடுக்கறீங்களா?

— கேள்விக்கு ஆம், இல்லை, இரண்டில் ஒன்று போதும்.

— ஆம், சூப்பிரண்டு சார். ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சு, இன்னும் பொண்டாட்டிகிட்ட விளக்கம் கேக்கறது மட்டும் நிக்கல.

— வண்டிப் புத்தகத்துல என்ன போட்டிருக்கு? பக்கம் நூத்திப் பன்னெண்டு, பத்தி நாலு. இன்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட், மொத்தக் கொள்ளளவு ஆறு லிட்டர். வரவேண்டியது ஆறு. வந்தது நாலு. ஆகவே?

— ஆகவே ரெண்டு குறையுது. வார்டுல இப்படி வந்தா பெரிய டாக்டரைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வருவோம்.

— இது வார்டு இல்லை, கார் பார்க்கிங்.

— படுத்திருந்தா எல்லாம் பேஷண்ட்தான். அதுவும் வந்ததோட நிறத்தைப் பாருங்க. பச்சையா வரும்னு சொன்னீங்க. டீத்தூளை மூணாவது தடவை கொதிக்க வச்ச மாதிரி இருக்கு.

— நாளடைவில் நிறம் மாறுதல் இயல்பானது.

— போன திங்கக்கிழமை பாலத்துக்கு மேல சூடு காட்டற முள்ளு சிவப்புல போய் நின்னு, பானட்ல இருந்து புஸ்ஸுன்னு ஆவி கிளம்பி, நான் யூனிஃபார்மோட ரோட்டோரம் நின்னேனே. அதுவும் இயல்பானதா?

— அந்தச் சம்பவம் தொடர்பாத்தான் இப்ப உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருது.

— நல்லா எடுத்தீங்க. ரேடியேட்டர் அடியில இருக்கிற ஒரு குட்டித் திருகைத் திறக்க முக்கால் மணி நேரம். அதுல அரை மணி நேரம் உங்க தொப்பை பம்பர்ல மாட்டிக்கிட்டு இருந்துச்சு. காலைப் பிடிச்சு இழுத்தவ நான்.

— அது வேலையின் ஒரு பகுதி. இப்ப ரெண்டு லிட்டருக்கு வா. எங்க போயிருக்கும்?

— என்னைக் கேட்டா? நீங்கதானே காலைல இருந்து வகுப்பு எடுக்கறீங்க.

— சாத்தியக்கூறு ஒன்று, அளவையில் பிழை. அதை நீ மறுத்துட்ட. சாத்தியக்கூறு இரண்டு, இன்ஜினுக்குள்ள கசிஞ்சு ஆயிலோட கலந்துட்டுது.

— கலந்தா?

— கலந்தா இன்ஜின் போச்சு.

— இதை இவ்வளவு நிதானமாச் சொல்றீங்க, யாரோ லீவு லெட்டர் குடுத்த மாதிரி. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு எனக்கு டியூட்டி.

— பஸ் இருக்கு.

— பஸ் இருக்கட்டும். என் தம்பியும் இருக்கான். ஊர்ல இருக்கிற வண்டியெல்லாம் அவன் பட்டறை வாசல்ல வரிசையா நிக்குது. கூடப்பிறந்தவ வண்டிக்கு மட்டும் புத்தகம் பாத்து வைத்தியம். அவனைக் கூப்பிடுங்க.

— உன் தம்பி பேச்சு இந்த வீட்ல எடுக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.

— இது வீடு இல்லை, கார் பார்க்கிங்னு இப்பத்தானே சொன்னீங்க.

— இந்த வண்டி அவன் பட்டறை வாசலை மிதிக்காதுன்னு அத்தனை பேருக்கு முன்னாடி சொல்லிட்டேன். சொன்னது சொன்னதுதான்.

— எதுக்குச் சொன்னீங்க? உங்க சித்தப்பா வீட்டு மாடியில சொந்தக்காரங்க எல்லாரையும் சுத்தி உக்கார வச்சு, இன்ஜின் எப்படி ஓடுதுன்னு ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணீங்க. கீழ கூட்டிட்டுப் போய் பானட்டைத் திறந்து, இதுதான் ரேடியேட்டர்னு தட்டிக் காமிச்சீங்க. அது பேட்டரின்னு அவன் சொன்னான். அவ்வளவுதானே?

— சொன்ன விதம் சரியில்லை.

— மாமா, அது பேட்டரின்னான். அதை வேற எந்த விதத்துல சொல்றது, பாட்டாவா?

— எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்ச.

— நான் வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிச்சேன்.

— பொத்தின கையைத் தாண்டிச் சத்தம் வந்துச்சு.

— சரி, சிரிச்சுட்டேன். தப்புதான். அதுக்கு மூணு மாசமா? எங்கம்மா போனப்ப அவனுக்கு ஒம்பது வயசு. என் கையால சாப்பிட்டு வளந்தவன். கல்யாணம் ஆகி நான் வந்த நாள்ல இருந்து ஒரு ஞாயித்துக்கிழமை மதியச் சாப்பாடு அவன் இந்த வீட்ல தப்பினதில்லை. நீங்க வண்டி அங்க வாசலை மிதிக்காதுன்னீங்க. அவனும் ரோசத்துல, நானும் உங்க வாசலை மிதிக்கலைன்னுட்டான். மூணு மாசமா ஞாயித்துக்கிழமை ஒரு டம்ளர் அரிசியைக் குறைச்சுப் போடறேன். கை நடுவுல நின்னு நின்னு வருது.

— முதல்ல இன்ஜின் விஷயத்தை முடிப்போம்.

— இன்ஜின் போனா போகட்டும். எனக்கு என் தம்பி வேணும். இதை நான் சொல்லாமலே உங்களுக்குப் புரியும்னு நினைச்சேன். உங்களுக்கு எழுத்து மூலமாக் குடுத்தாத்தான் புரியும் போல.

— இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, பட்டறைக்கு லீவு. எடுக்க மாட்டான்.

— எடுப்பான். கூப்பிடுங்க.

— நான் கூப்பிட மாட்டேன். ஆனா, நீ உன் சொந்தப் பொறுப்பில் கூப்பிட்டா எனக்கு ஆட்சேபணை இல்லை.

— என் போன் மாடியில சார்ஜ்ல கிடக்கு. உங்களுதைக் குடுங்க. ஐயோ, நீங்கதான் அவன் நம்பரை அழிச்சுட்டீங்களே.

— இந்தா. மணி போகுது.

— அழிச்ச நம்பரை எப்படி அடிச்சீங்க?

— அழிக்கறது வேற, மறக்கறது வேற. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். பேசு.

— அலோ, மாமா? என்ன மாமா ஆச்சு? அக்காவுக்கு ஒண்ணுமில்லையே?

— யாருக்கும் ஒண்ணுமில்லை. பதற வேண்டாம். நான் ஒரு சக ஓய்வூதியர் சார்பா பேசறேன்.

— யாரு சார்பா?

— எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர். ஓய்வு பெற்றவர். தன் வண்டிக்குத் தானே கூலன்ட் மாத்திட்டு இருக்கார். கொள்ளளவு ஆறு லிட்டர். வடிச்சதுல வந்தது நாலு. மீதி ரெண்டு குறித்து விளக்கம் தேவைப்படுது.

— ஓ. சரிங்க மாமா. அந்தப் பெரியவர் வண்டி என்ன கலர்?

— நிறம் இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது.

— வெள்ளையா? பின் பம்பர்ல வலது பக்கம் கேட்டுல இடிச்ச தழும்பு இருக்குமா?

— அந்தக் கேட்தான் அவர் மேல வந்து இடிச்சுது.

— அப்படியா, பாவம். அந்தப் பெரியவர் வீட்டம்மா நல்லா இருக்காங்களா மாமா?

— நல்லாத்தான்டா இருக்கேன்.

— அக்கா.

— ம்.

— அந்தப் பெரியவர் வீட்லதான் இருக்கியாக்கா?

— இங்கதான் முப்பது வருஷமா மாட்டிக்கிட்டு இருக்கேன். டேய், ரெண்டு லிட்டரைக் காணோம்டா. இன்ஜின் போச்சுங்கறார். போச்சாடா?

— இரு, இரு. முதல்ல ஒண்ணு பாத்துடுவோம். மாமா, அந்தப் பெரியவரை இன்ஜின் பக்கத்துல மஞ்சப் பிடி போட்ட கம்பியை இழுக்கச் சொல்லுங்க. ஆயில் பாக்கற கம்பி. துடைச்சு, மறுபடி சொருகி, இழுக்கணும். நுனியில ஆயில் தேன் மாதிரி இருக்கா, பால் ஊத்தின காப்பி மாதிரி இருக்கா? அவ்ளோதான் கேள்வி.

— அவர் இழுக்கறார்.

— சொருகற ஓட்டை தெரியாம துழாவறார்டா.

— அவர் துழாவலை. கம்பி வளையும் தன்மை கொண்டது. இதோ. தேன். கொஞ்சம் கருத்த தேன்.

— பால் கலக்கலையே? நுரை இல்லையே?

— சுத்தமா இல்லை.

— அப்ப ஒண்ணுமே ஆகலை மாமா. இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு. அக்கா, மூச்சு விடு.

— அப்பாடா. வயித்துல பாலை வாத்தடா.

— அப்படியானா மேற்படி ரெண்டு லிட்டர்?

— எங்கயும் போகலை மாமா, உள்ளதான் இருக்கு. அடியில திறந்தா ரேடியேட்டர்ல இருக்கறது வடியும். இன்ஜினோட மூலைமுடுக்குல, ஹீட்டர் குழாய்ல நிக்கறது அப்படியே நிக்கும். எந்த வண்டியிலயும் அப்படித்தான். அவ்ளோதான்.

— ஓஹோ. பேஷண்ட் அடக்கி வச்சிருக்கார். இதைச் சொல்றதுக்கு ஆள் இல்லாம நான் பஸ் நேரம் எல்லாம் மனசுக்குள்ள பாத்துட்டேன்.

— அந்தப் பழைய தண்ணியையும் வெளிய எடுக்கணும்னா அலசணும் மாமா. அடித் திருகை மூடச் சொல்லுங்க. டிஸ்டில்டு வாட்டர் இருக்கா?

— ரெண்டு கேன் தயாரா இருக்கு.

— அடேங்கப்பா. பெரியவர் விவரமானவர்தான். வடிச்சது என்ன நிறம்?

— பழுப்பு.

— துரு. நடுவுல குறையும்போதெல்லாம் என்ன ஊத்தினார்?

— குழாய்த் தண்ணி. நகராட்சி பரிசோதிச்சு அனுப்பற தண்ணி.

— மனுஷன் குடிக்கப் பரிசோதிச்சது மாமா அது. இரும்பு குடிச்சா துருப் பிடிக்கும். பாலத்து மேல முள்ளு ஏறினது அதனாலதான் இருக்கும்.

— பாலத்து மேல ஏறினது உனக்கு எப்படித் தெரியும்?

— என் பட்டறை ஆளு ஒருத்தன் அந்த வழியா வந்தான். ஆவி கிளம்பினப்ப குடத்துல தண்ணி கொண்டுவந்து குடுத்தது அவன்தான். அவன் என் ஆளுன்னு அக்காவுக்குத் தெரியாது. நான்தான் சொல்லாதேன்னுட்டேன்.

— அடப்பாவி. அவனுக்கு நான் கும்பிடு போட்டு அனுப்பினேன்டா.

— எனக்கு வந்து சேந்துச்சுக்கா. சரி, தண்ணியை ஊத்துங்க. மெதுவா. அக்கா, நீ ஸ்டீயரிங்ல உக்காரு. ஹீட்டரைச் சிவப்புப் பக்கம் கடைசி வரைக்கும் திருப்பு. அப்பத்தான் அந்தக் குழாய்க்குள்ள தண்ணி சுத்தும். ஃபேனைச் சின்னதா வை. ஸ்டார்ட் பண்ணு.

— பண்ணிட்டேன். டேய், சூடா முகத்துல அடிக்குமேடா. மாவு இருந்தா இங்கயே ஆப்பச் சட்டியை வச்சுடலாம் போல.

— முள்ளை மட்டும் பாத்துட்டு இரு. மாமா, மூடி போடாம இருக்கட்டும். குமிழி வரும். தண்ணி இறங்க இறங்க ஊத்தச் சொல்லுங்க. முகத்தை மேல நீட்டக்கூடாது.

— குமிழி வருது. ஒன்று. இரண்டு. குடல் புரளும் சத்தம் மாதிரி ஒண்ணு கேக்குது.

— காத்து வெளிய வருது மாமா. வரட்டும்.

— தண்ணி எவ்வளவுங்க உள்ள போச்சு?

— முதல் கேன் முழுசா. ரெண்டாவதுல கொஞ்சம் மீதி. நாலு. இப்ப குமிழி நின்னுட்டுது.

— நாலு வெளிய, நாலு உள்ள. கணக்கு சரியாப் போச்சு. இப்பத்தான் எனக்கு நெஞ்சு அடங்குது.

— இப்ப மூடியைப் போட்டு இறுக்கச் சொல்லுங்க மாமா. இனிமே சூடு ஏறும். பத்து நிமிஷம் ஆகும். முன்னாடி ஃபேன் தானா ஓட ஆரம்பிக்கணும். அதுவரைக்கும் ஒண்ணும் வேலையில்லை.

— சரி.

— சரிங்க மாமா.

— அந்த ஓய்வூதியர் விஷயம். பொது இடத்துல அவரைத் திருத்தறது அவருக்குப் பிடிக்காது.

— தெரியும் மாமா. தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். திருத்தினவன் அன்னிக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவே இல்லை.

— ஆனா அது ரேடியேட்டர் இல்லைங்கறது உண்மைதான். மறுநாள் காலைல திறந்து பாத்தேன். பாத்தாராம். பேட்டரின்னு அது மேலயே கொட்டை எழுத்துல எழுதியிருந்துதாம்.

— சின்ன எழுத்துதான் மாமா. யாரும் கவனிக்க மாட்டாங்க.

— ரெண்டு பேரும் என்ன குசுகுசுன்னு? உள்ள நான் வெந்துட்டு இருக்கேன். முள்ளு ஏறுது.

— எங்க நிக்குது?

— கால்வாசி தாண்டிடுச்சு. பாதி. டேய், பாதிக்கு வந்துடுச்சுடா. பாலத்துல இப்படித்தான் விறுவிறுன்னு ஏறுச்சு.

— வண்டியை நிறுத்திடு. நீ முதல்ல கீழ இறங்கு.

— மாமா, மாமா, நிறுத்த வேணாம். அக்கா, பாதியைத் தாண்டுதா?

— நிக்குது. பாதியிலயே நிக்குது. ஆணி அடிச்ச மாதிரி.

— ஃபேன்?

— இங்க ஃபேன் ஓட ஆரம்பிச்சுட்டுது. காத்து என் சட்டையில அடிக்குது.

— அக்கா, முள்ளு?

— ஒரு துளி இறங்கி, நிக்குது.

— முடிஞ்சுது. வண்டி நல்லா இருக்கு. தாராளமா நாளைக்கு டியூட்டிக்குப் போகலாம். நிறுத்திடு.

— டேய்.

— என்னக்கா?

— ஒண்ணுமில்லை.

— ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?

— ஹீட்டர்டா. கண்ணெல்லாம் வேர்க்குது.

— மாமா, இப்ப யாரும் ரேடியேட்டர் மூடியைத் தொடக்கூடாது. கொதிக்கற தண்ணி மூஞ்சியில அடிக்கும். ரெண்டு மணி நேரம் ஆறட்டும். அப்புறம் வடிச்சு, இன்னொரு தடவை அலசி, புதுக் கூலன்ட் ஊத்தணும். அதையும் அவரே பண்ணிடுவாரா?

— முயற்சி செய்வார்.

— காலைல வடிச்சதை எங்க வச்சிருக்கார்?

— துணி ஊற வைக்கிற பக்கெட்டுல.

— உடனே மூடச் சொல்லுங்க. அது விஷம், ஆனா இனிக்கும். பூனை, நாய் நக்கினா போய்ச் சேந்துடும். சாக்கடையிலயும் ஊத்தக்கூடாது. பட்டறையில அதுக்குன்னு பேரல் இருக்கு. நான் வேணா வந்து எடுத்துட்டுப் போகவா? அதாவது, அந்தப் பெரியவருக்கு ஆட்சேபணை இல்லைன்னா.

— அவர் யோசிக்கறார். அவர் அன்னிக்கு என்ன சொன்னார்? இந்த வண்டி பட்டறை வாசலை மிதிக்காது. வார்த்தை அதுதானே?

— அதுதான் மாமா. எனக்கும் அப்படியே ஞாபகம் இருக்கு.

— வண்டி பட்டறைக்குப் போறதுக்குத்தான் தடை. பட்டறை வண்டிக்கு வரக்கூடாதுன்னு அந்த உத்தரவுல எந்த இடத்துலயும் இல்லை.

— இல்லைதான் மாமா. ஆனா நானும் ஒண்ணு சொல்லியிருக்கேனே, உங்க வாசலை மிதிக்கலைன்னு.

— இது வாசல் இல்லை மாப்ளே. கார் பார்க்கிங்.

— அப்ப வந்துடறேன் மாமா. பத்து நிமிஷம்.

— சாப்பிட்டுட்டு வராதே.

— சரிங்க மாமா. அக்கா, வச்சுடறேன்.

— வச்சுட்டான். ஏங்க, அவனை மாப்ளேன்னு கூப்பிட்டீங்க.

— வாய் தவறி வந்திருக்கும்.

— மேல போய் இன்னும் ஒரு டம்ளர் அரிசி போடணும். அதுக்கு முன்னாடி பக்கெட்டை மூடறேன். பாவம்ங்க, நீங்க. கை எல்லாம் கரி. அந்த ரெண்டு லிட்டருக்கு நீங்க பதறினதைப் பாத்து நானும் என்னென்னவோ பேசிட்டேன்.

— பரவாயில்லை. நான் புத்தகத்தை எடுத்துட்டுப் போய் மேல வச்சுடறேன்.

— இருங்க, ஒரு நிமிஷம். வடிச்சா நாலுதான் வரும்னு அந்தப் பக்கத்து ஓரத்துல எழுதி வைக்கறேன். அடுத்த தடவை யாரும் பயப்பட வேணாம் பாருங்க.

— அதெல்லாம் அவசியமில்லை. இப்படிக் குடு.

— பேனா இருக்கு. பக்கம் நூத்திப் பன்னெண்டு. பத்தி நாலு. 'மொத்தக் கொள்ளளவு ஆறு லிட்டர்.' இது வரைக்கும்தானே படிச்சீங்க? இதுக்கு அடுத்த வரி ஒண்ணு இருக்கே. 'வடிக்கும்போது இதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இன்ஜினுக்குள்ளேயே தங்கிவிடும். இது இயல்பானது.' இதுக்குக் கீழ சிவப்பு மையில கோடு போட்டிருக்கு. ஓரத்துல 'பார்த்தேன்'னு எழுதி உங்க குட்டிக் கையெழுத்து. தேதி… ஏங்க, இது போன செவ்வாக்கிழமை தேதி.

— சத்தமாப் படிக்காதே. அவன் வர்ற நேரம்.